பம்பரைக் கழற்றிய பிறகு

விபத்தான காரைப் பார்க்கப் போனால் முதலில் காரைப் பார்க்க மாட்டேன், அது நிற்கிற தரையைப் பார்ப்பேன். கூலண்ட் சொட்டியிருந்தால் ரேடியேட்டரில் கை வைக்க வேண்டிவரும். கறுப்பாக எண்ணெய் தேங்கியிருந்தால் ஆயில் சம்ப் அடி வாங்கியிருக்கும். தரை காய்ந்து கிடந்தால் கொஞ்சம் நிம்மதி. அப்புறம்தான் குனிந்து சேசிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது, போட்டோ எடுப்பது எல்லாம். திருச்சி வட்டாரத்தில் 22 வருடமாக இதுதான் என் பிழைப்பு. வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவன் என்று நினைத்துப் பட்டா விவகாரம் கேட்டவர்களும் உண்டு.

கார் சொந்தக்காரருக்கு நான் கம்பெனி ஆள். கம்பெனிக்கு நான் வெளி ஆள். ஒர்க்‌ஷாப்காரருக்கு நான் எஸ்டிமேட்டில் கோடு போட வந்தவன். 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தில் 64 யு.எம். என்று ஒரு பிரிவு இருக்கிறது. எங்கள் லைசென்ஸ் அதன்கீழ் வருவதுதான். யார் பக்கமும் சாயாமல் நஷ்டத்தை மதிப்பிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஃபீஸ் தருவது கம்பெனி, அடுத்த வேலையைத் தருவதும் கம்பெனி. சாயாமல் நிற்பது எவ்வளவு சுலபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேனே சார், அப்புறம் ஏன் என் கையிலிருந்து காசு?"

மூன்றேகால் வருடம் ஓடிய ஒரு சின்ன கார், முன்பக்க அடி என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 6,000 ரூபாய். அது பிளாஸ்டிக், பாதிதான் கிடைக்கும்: 3,000. ஹெட்லைட் 7,000. அதிலும் பாதி, 3,500. பானட் 8,000. தகரம் என்றால் வண்டியின் வயதைப் பார்த்துக் கழிவு. மூன்றிலிருந்து நான்கு வருடத்துக்குள் இருந்தால் 25 சதவீதம். ஆக 6,000. முன் கண்ணாடி 6,500. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது, முழுசாக வரும். பெயிண்ட் 12,000, மொத்தமாகப் போட்ட பில்லில் கால்வாசியைப் பொருள் விலை என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், எனவே 10,500. லேபர் 5,000 அப்படியே. கூட்டினால் பில் 44,500, கிடைப்பது 34,500. அதிலும் கட்டாயக் கழிவு என்று 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய் போகும். பழைய பானட்டை எடைக்குப் போட்டால் வரும் என்று ஒரு 500. கடைசியில் 33,000. மிச்சம் 11,500 வண்டிக்காரர் தலையில்.

இந்த இடத்தில் ஹெட்லைட்டைப் பற்றிச் சண்டை வராத மாதமே இல்லை. "கண்ணாடிக்குக் கழிவு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" இப்போது வருகிற ஹெட்லைட்டில் கண்ணாடி எங்கே இருக்கிறது? விரலால் தட்டினால் டொக்கென்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். தட்டிக் காட்டுவேன். கேட்டுவிட்டு, "இதையெல்லாம் பாலிசி விற்கும்போது யாரும் சொல்லலியே" என்பார்கள். அது நியாயமான கோபம். ஜீரோ டெப் என்கிற கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தக் கழிவில் பெரும்பகுதி இல்லாமல் போயிருக்கும். அதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் பிரீமியம் கூடுதே என்று இவரே வேண்டாம் என்றிருப்பார்.

ஆனால் எதற்கு எத்தனை சதவீதம் கழிவு என்கிற இந்த அட்டவணையோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. நானாக ஒரு சதவீதம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பணம் நிஜமாகக் கூடுவதும் குறைவதும் வேறு இடத்தில். ஒரு பாகம் லிஸ்டில் ஏறுகிறதா இல்லையா, மாற்றுவதா தட்டி எடுப்பதா, இது புது அடியா பழைய அடியா — இந்த மூன்றும் ஒர்க்‌ஷாப்பில், பம்பரைக் கழற்றிய பிறகு அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். அந்த அரை மணி நேரம் வண்டிக்காரர் அநேகமாக அங்கே இருக்கமாட்டார். சாவியைக் கொடுத்துவிட்டு, "கேஷ்லெஸ்தானே, பார்த்துக்கோங்க" என்று ஆட்டோ பிடித்துப் போயிருப்பார்.

பழசா புதுசா என்பதை வண்டியே சொல்லிவிடும். புதிதாகக் கிழிந்த தகரம் வெள்ளையாகப் பளபளக்கும். மழை பட்டால் ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பு ஏறும். விரிசலுக்குள் மண் இறுகியிருந்தால், பம்பருக்குப் பின்னால் சிலந்தி கூடு கட்டியிருந்தால், அந்த அடிக்கு வயது அதிகம். ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர்கள் சிலர், "இன்சூரன்ஸ்தானே சார், சேர்த்துப் போட்டுடலாம்" என்று பின் கதவின் பழைய சொட்டையையும் எஸ்டிமேட்டில் எழுதி வைப்பார்கள். வண்டிக்காரருக்கு உபகாரம் செய்வதாக நினைப்பு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மிச்சப் பாகங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உண்மையில் அடிபட்ட ஏ.சி. காண்டன்சரைக்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பேன். உபகாரம் அப்படித்தான் திரும்பும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வெளியூர் சர்வேயர்களையும் சென்னைக்கு அழைத்தார்கள். நானும் போனேன். வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் வரிசை வரிசையாகக் கார்கள், சீட்டில் சேறு, கண்ணாடி உள்பக்கம் பூஞ்சை. கதவைத் திறந்தால் வருகிற அந்த வாடை லாட்ஜுக்குத் திரும்பிக் குளித்தாலும் போகாது. அங்கே ஒரு பையன், ஐ.டி. வேலை, கல்யாணத்துக்கு முன்னால் ஆசையாக வாங்கிய டீசல் கார். கிளெய்ம் ஃபாரத்தில் விபத்து நடந்த விதம் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான்: தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் கனெக்டிங் ராடு வளைந்த சத்தம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைக்கும். வெள்ளம் பாலிசிக்குள் வருகிற ஆபத்து. சீட், வயரிங், சேற்றைக் கழுவி எண்ணெய் மாற்றுவது எல்லாவற்றையும் எழுதலாம். ஆனால் நனைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால் அது வெள்ளத்தின் நேரடி நஷ்டமில்லை, பின்விளைவு என்று கம்பெனி ஒதுக்கிவிடும். இன்ஜினுக்கென்று தனிக் கவர் எடுத்திருந்தால் வேறு கதை. அவனிடம் இல்லை.

"அந்த வரியை அடிச்சுட்டு வேற ஃபாரம் எழுதித் தரட்டுமா அண்ணா?" என்று கேட்டான். வளைந்த ராடு என் கண் முன்னால் மேஜைமேல் கிடக்கிறது. ஃபாரத்தை மாற்றினால் ராடு நிமிர்ந்துவிடுமா? முடியாது தம்பி என்றேன். இன்ஜினைத் தவிர மற்ற எல்லாவற்றையும், கார்ப்பெட் அடியிலிருந்த சென்சார் வரைக்கும், ஒன்று விடாமல் எழுதினேன். அவனுக்கு அது போதவில்லை. எப்படிப் போதும்? 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது தெரிந்தவர்களுக்கெல்லாம் நானே போன் போட்டேன்: தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் தொடாதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போங்கள் என்று. பாதிப் பேர் அதற்குள் ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தார்கள்.

டோட்டல் லாஸ் பற்றி நிறைய சொல்லலாம், இங்கே ஒன்று மட்டும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது தருவது அந்த ஐ.டி.வி.யை வைத்துத்தான். புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் பிரீமியம் மிச்சம் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துக்கொண்டவர்கள் அன்றைக்குத்தான் அந்த எண்ணை முதல்முறையாக உற்றுப் பார்ப்பார்கள். உடைந்த வண்டியை ஏலத்தில் எடுக்கிறவர் பேருக்கு ஆர்.சி. மாறுகிறதா என்றும் விடாமல் பாருங்கள். மாறாவிட்டால் அந்த வண்டி இன்னும் உங்கள் வண்டிதான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மணப்பாறைக்காரர். மதுரை ரோட்டில் விராலிமலைக்குப் பக்கத்தில் குறுக்கே மயில் பறந்ததில் பிரேக் அடித்து, இடதுபக்கமாக ஒரு லாரியின் பின்னால் போய் இடித்துவிட்டார். மயில் தப்பித்துவிட்டது என்பதைத்தான் முதலில் சொன்னார். நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது மணி ஆறரை. அன்றைக்கு அது நாலாவது வண்டி. ஷெட்டில் ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பம்பர், இடது ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகரம்), ஹெட்லைட், பானட், காண்டன்சர், ரேடியேட்டர் சப்போர்ட் என்று எழுதினேன். வாத்தியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் பார்த்ததையெல்லாம் பார்த்தார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, கழற்றக் கழற்றப் போனில் படம் எடுத்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

நாலு மாதம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார், ஆட்டோவில் ஒரு டயரோடு. உள்பக்க ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்து, கம்பி எட்டிப் பார்த்தது. வெளிப்பக்கம் புதுசு மாதிரி. "வண்டி இடது பக்கமாவே இழுக்குது தம்பி. மூணு தடவை அலைன்மெண்ட் பாத்தாச்சு." கம்பெனிக்கு எழுதியிருந்தார், சர்வேயர் ரிப்போர்ட்டில் இருப்பதற்குத்தான் பணம், கிளெய்ம் முடிந்துவிட்டது என்று பதில் வந்திருந்தது. அப்புறம் போனை எடுத்துக் காட்டினார். ஃபெண்டரைக் கழற்றிய பிறகு எடுத்த படம், பகல் வெளிச்சத்தில். ஏப்ரன் என்று சொல்கிற உள்தகரம், வண்டியின் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஓடுகிற லாங் மெம்பரோடு சேருகிற இடத்தில் சீலர் பிளந்து, விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு. மடிப்பின் ஓரத்தில் தகரம் வெள்ளையாகப் பளபளத்தது. புது அடி. நான் பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரரும் எனக்குச் சொல்லாமல் மேலே புது ஃபெண்டரைப் போட்டு மூடிவிட்டார்.

என் கூட்டாளிகள் சிலர், எழுதிக் கொடுத்ததை மாற்றினால் அடுத்த வேலை வராது என்றார்கள். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் தள்ளினேன். அப்புறம் அவரிடம் என் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கச் சொன்னேன். கேட்டு வாங்குகிற உரிமை அவருக்கு உண்டு. எந்த வரி இல்லை என்று காட்ட வேண்டுமானால் முதலில் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினார், படங்களை நாள் நேரத்தோடு வைத்து. ஒரு மாதம் போயும் அசையவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வருகிற புகாரை விசாரிக்கிற, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு மனு போட்டார். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். சர்வேயர் சொன்னதே கடைசி வார்த்தை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே ஒரு லாரி வழக்கில் சொல்லியிருப்பதையும் மனுவில் சேர்த்திருந்தார். என்னைப் பற்றி எனக்கே எடுத்துச் சொல்கிற மாதிரி, அந்த வரியை என்னிடம் ஒரு முறை வாசித்தும் காட்டினார்.

விசாரணைத் தேதிக்கு முன்னால் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கூடுதல் ரிப்போர்ட் தர முடியுமா என்று. ஏப்ரன், லாங் மெம்பர் இழுத்துச் சரிசெய்கிற லேபர், ஒரு டயர் என்று எழுதினேன். டயருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, தேய்மானம் என்றார்கள். மற்றது வந்தது.

இப்போது விதிகள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடமிருந்து 2024-இல் வந்த சுற்றறிக்கைப்படி சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், ரிப்போர்ட் 15 நாளில், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். நல்லதுதான். ஆனால் வேகம் கூடக் கூட ஆறரை மணி ஷெட்டுகளும் கூடத்தான் செய்யும்.

வாத்தியாரின் வண்டியை ரிப்பேருக்குப் பிறகு மறுபடி பார்க்கப் போனேன். காலை பத்து மணி, ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருந்தார். பானட்டைத் திறந்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே ஏப்ரன்மேல் டார்ச்சை அடித்தார். வெயிலில் எதற்கு சார் டார்ச் என்றேன். "உங்களுக்காகத்தான் தம்பி" என்றார்.