இடது கையைப் பாருங்கள்

டிரம்ஸ் வாசிக்கிறவர் எப்படிப்பட்ட கை என்று தெரிந்துகொள்ள நான் அவருடைய ரோலைக் கவனிப்பதில்லை. டாம் டாமாக உருட்டிக்கொண்டு போய், கடைசியில் சிம்பலில் ஓங்கி ஒரு போடு போடுவதை நாலு மாசம் பழகின பையனும் செய்துவிடுவான். கூட்டமும் கைதட்டிவிடும். நான் இடது கையைப் பார்ப்பேன். ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே அந்தக் குச்சி என்ன செய்துகொண்டிருக்கிறது? அடுத்த அடி வரட்டும் என்று சும்மா அந்தரத்தில் நின்றால், சரி, தாளம் பிடிக்கத் தெரிந்தவர். டிரம்மின் முகமான ஹெட்டை விட்டு ஓர் அங்குலம்கூட ஏறாமல், முறத்தில் நாலு அரிசி விழுகிற அளவு சத்தத்தில் எதையோ பேசிக்கொண்டே இருந்தால், கச்சேரி முடிகிறவரை நான் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

இந்தச் சின்ன அடிகளை டிரம்ஸ்காரர்கள் கோஸ்ட் நோட் என்பார்கள். பாட்டோடு சேர்த்துக் கேட்கும்போது தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும்.

எனக்குப் பாளையங்கோட்டை. வாரநாளில் வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பாடகர் குழுவோடு டிரம்ஸ், மதியத்துக்கு மேல் வீட்டு மாடியில் சில பிள்ளைகளுக்குப் பாடம், முகூர்த்த நாட்களிலும் ஊர்த் திருவிழாவான கொடை சமயத்திலும் ஆர்கெஸ்ட்ரா. சின்ன வயசில் கொடைக்கு வரும் நையாண்டி மேளத்துத் தவில்காரர் பக்கத்தில் போய் நின்று, நெஞ்சுக்கூடு அதிர அதிரக் கேட்டு வளர்ந்தவன். சத்தம்தான் வாத்தியம் என்று நம்பிக்கொண்டு எந்தப் பையனும் டிரம்ஸ் பழக வருவான். என் மாஸ்டர் முதலில் செய்தது, குச்சியைக் கையில் கொடுத்து, "இந்தா, மேசை மேல வை, தூக்காத. தூக்காமலே தட்டு" என்று சொன்னதுதான். அந்த ஒரு சொல்லின் அருமை புரியவைத்தது அமெரிக்காவில் பிறந்த ஒரு தாளம். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஹாஃப் டைம் ஷஃபிள். பேர் அந்நியமாக இருந்தாலும் நம் காதுக்கு இது பழகின கணக்கு. மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடைதான். ஒரு சுற்றுக்கு நாலு "தகிட". தகிட, தகிட, தகிட, தகிட, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு தகிடவிலும் "த"வும் "ட"வும் வலது கைக்கு, ஹை-ஹாட் என்கிற இரட்டைச் சிம்பலில். நடுவில் இருக்கிற "கி" இடது கைக்கு, ஸ்னேரில், கோஸ்ட் நோட்டாக. முதல் "த"வில் கிக், அதாவது காலால் அடிக்கிற பெரிய டிரம். மூன்றாவது தகிடவின் "த"வில், அதாவது ஏழாவது இடத்தில், ஸ்னேரில் பெரிய அடி. அவ்வளவுதான். வாயால் சொல்லிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். கையில் வர வருஷக்கணக்காகும்.

ஏன் என்று சொல்கிறேன். ஏழாவது இடத்தில் இடது கை ஓங்கி அடிக்கிறது. உடனே எட்டாவது இடத்தில், அதே கை, அதே ஹெட்டில், மெல்லத் தொட வேண்டும். ஓங்கி அடித்த குச்சி இயல்பாகவே எம்பி மேலே வரும். ஹெட்டே அதைத் தூக்கி எறியும். எம்பிய குச்சி மறுபடி கீழே விழுந்தால் அது பாதிச் சத்தத்திலாவது விழும். அப்போது "கி" காணாமல் போய் இன்னொரு "த" வந்துவிடும், நடை கெட்டுவிடும். அதனால் பெரிய அடி விழுந்த கணத்திலேயே பின்விரல்களால் குச்சியைப் பிடித்து ஹெட்டுக்கு அருகிலேயே நிறுத்த வேண்டும். டவுன் ஸ்ட்ரோக். அதேபோல, பெரிய அடிக்கு முன்னால் வரும் ஐந்தாவது இடத்துக் "கி"யை மெல்லத் தட்டிவிட்டு, தட்டின கையோடு குச்சியை மேலே ஏற்ற வேண்டும். அப் ஸ்ட்ரோக். பிடி இறுகினால் சத்தம் செத்துவிடும். தளர்ந்தால் குச்சி எம்பிவிடும். இத்தனையும் நடக்கும்போது வலது கை தன்பாட்டுக்கு ஊஞ்சல் மாதிரி சமமாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான், டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல் வைத்துத்தான் தொடங்குவேன். வேகமாக வாசிப்பதைவிட இந்த வேகத்தில் வாசிப்பது கஷ்டம். ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.

இந்த நடைக்குத் தன் பேரையே கொடுத்தவர் அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டி. 1939-ல் மேரிலாந்து மாநிலத்தில் எல்க்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஸ்டூடியோவுக்குப் போனால், வெற்றிப் பாட்டு வேண்டுமா, இதோ ஆள் வந்தாச்சு என்கிற தோரணையில் தன்னைப் பற்றிய பலகைகளைத் தன் டிரம்ஸ் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அந்தத் தைரியத்துக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஸ்டீலி டான் குழுவின் 1977 ஆல்பத்தில் "ஹோம் அட் லாஸ்ட்", 1980 ஆல்பத்தில் "பேபிலான் சிஸ்டர்ஸ்": இரண்டையும் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை ஸ்னேரை மட்டும். பெரிய அடி எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சுற்றி ஒரு சலசலப்பு ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் பர்டி. சின்ன வயசில் வீட்டுப் பக்கம் போகிற ரயிலின் சத்தத்தை வாசித்துப் பார்த்ததிலிருந்து இந்த நடை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தாமிரபரணிப் பாலத்தின் மேல் ரயில் போவதைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. தண்டவாளங்களை ஒட்டவைத்து ஒரே நீளமாக்கிவிட்ட பிறகு அந்தச் சத்தம் பாதி போய்விட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு ரயிலைக் காட்டித் திஸ்ரம் சொல்லித்தர முடிவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே ஒரு வருத்தம்.

அடுத்து ஜான் பான்ஹம். இங்கிலாந்து ராக் குழுவான லெட் செப்பலின் டிரம்மர் என்றாலே இடி மாதிரி அடிப்பவர் என்ற பேர்தான் முன்னால் வரும். 1971-ல் வந்த அவர்களுடைய நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படியின் கீழே டிரம்ஸை வைத்து, மேல் தளத்திலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பிரமாண்டத்தில் பாதி வீட்டுடையது. ஆனால் அதே மனிதர் 1979-ல் "ஃபூல் இன் தி ரெயின்" பாட்டில் இந்த ஹாஃப் டைம் ஷஃபிளை எடுத்து, ஹை-ஹாட்டை ஓரிடத்தில் லேசாகத் திறந்து மூடி, இடது கையில் அத்தனை நளினத்தோடு வாசித்திருக்கிறார். மறுவருஷம் 32 வயதில் போய்விட்டார். ஓங்கி அடிக்கத் தெரிந்தவரின் மெல்லிய அடிக்குத் தனி ருசி உண்டு. பலம் கையில் இருக்கிறது, செலவழிக்கவில்லை என்பது கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும்.

இந்த இரண்டு பேரையும் கேட்டு, ரசித்து, தன்னுடையதாக ஆக்கிக்கொண்டவர் ஜெஃப் போர்காரோ. டோட்டோ குழுவின் டிரம்மர். 1982-ல் வந்த "ரோசான்னா". பாட்டு டிரம்ஸோடு மட்டும்தான் தொடங்கும். அந்தத் தொடக்கத்தை எத்தனை பேர் எத்தனை மாடிகளில் முயன்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். எனக்கு அவர் மேல் இருக்கிற மரியாதைக்கு வாசிப்பு ஒரு காரணம், அவர் பேச்சு இன்னொரு காரணம். தன் பாடப் பதிவு ஒன்றில் இந்த நடையைப் பிரித்துக் காட்டும்போது, இது பர்டியிடமிருந்து, இது பான்ஹமிடமிருந்து, காலில் வருகிற கிக் ராக் அண்ட் ரோல் கிட்டார்காரர் போ டிட்லியின் தாளத்திலிருந்து என்று ஒவ்வொன்றையும் உரியவர் பேரில் வரவு வைத்துவிடுகிறார். நம் வித்வான்கள் இன்ன பாணி, இன்னாரிடம் கேட்டது என்று சொல்வார்களே, அதே ஒழுக்கம். அப்பா ஜோ போர்காரோவும் தாள வாத்தியக்காரர். வீட்டிலேயே பழகின ஒழுக்கமாக இருக்கலாம். ஜெஃப் 1992-ல் இறந்தபோது வயது 38.

ஷஃபிளை விட்டுக் கொஞ்சம் விலகி ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். டென்னிசி மாநிலத்துச் சட்டனூகாக்காரர். இவரும் தொழிற்சாலைச் சத்தத்திலும் ரயில் சத்தத்திலும் தாளம் கேட்டு வளர்ந்தவர்தான். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவோடு "ஃபங்கி டிரம்மர்" பதிவானது. நடுவில் எல்லா வாத்தியமும் நின்று டிரம்ஸ் மட்டும் ஓடும். அதற்கு முன்னால் பிரவுன் டிரம்மரிடம் சொல்வது பதிவிலேயே இருக்கிறது: தனியாவர்த்தனம் ஒன்றும் வேண்டாம், இப்போது வாசிப்பதை அப்படியே விடாமல் வை என்கிற அர்த்தத்தில். அவரும் அப்படியே வைத்தார். ஒரு ரோல் இல்லை, ஒரு சாகசம் இல்லை. சுமார் 20 விநாடி. ஹை-ஹாட்டும் கிக்கும் ஸ்னேரும், இடையில் பின்னல் போட்ட மாதிரி சின்ன அடிகளும். அந்த 20 விநாடியை வெட்டி எடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் ஒட்டியிருக்கிறார்கள். ஹிப் ஹாப் என்ற உலகமே அதன் மேல் வீடு கட்டியது. பாட்டெழுதியவர் கணக்கில் அவர் பேர் இல்லாததால் அந்தப் பாட்டுகளிலிருந்து அவருக்கு உரிமைத்தொகை வரவில்லை. 2017-ல் இறந்தார். தாளத்தை யாரும் "எழுதுவதில்லை" என்ற சட்டத்தின் நினைப்பை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. அந்தப் பாட்டில் மற்ற எதையும் யாரும் வெட்டி எடுத்துக்கொண்டு போகவில்லையே, அவர் கையைத்தானே எடுத்துக்கொண்டு போனார்கள்?

"வாசிப்பதை அப்படியே வை" என்பதற்கு மிருதங்கத்தில் சர்வலகு இருக்கிறது. கணக்கு, கோர்வை எதையும் காட்டாமல் பாட்டின் நடையோடு சீராக ஓடுவது. கச்சேரிக்குப் போனால் தனி வரும்வரை மிருதங்கத்தைக் கவனிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கீர்த்தனையின் அனுபல்லவியில், பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கும்கி என்கிற குழைந்த அடி ஒன்று வந்து விழுமே, அதை அவர்கள் இழந்துவிடுகிறார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். அவருடைய காரணங்களை விவரித்துச் சொல்ல நான் ஆளில்லை. மைக் பிடித்த ஸ்னேரோடு மண்டபம் மண்டபமாக அலைந்த பிறகு அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

ஏனென்றால் நம் ஊர் மேடையில் சின்ன அடியைக் கொல்வதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. கேட். ஸ்னேர் மைக்கில் பக்கத்துச் சத்தங்கள் ஏறாமல் இருக்க, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வருகிற எதையும் அது அடைத்துவிடும். கல்யாண மண்டபத்தில் அதை உச்சத்தில் வைத்துவிடுவார்கள். பெரிய அடி "டப்" என்று பாயும். நான் இடையில் வாசிக்கிற ஒன்றுகூட வெளியே போகாது. பேடு என்கிற எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசித்தால் பிரச்சினை வேறு மாதிரி. ரப்பரில் மெல்லத் தட்டினால் அதே ஸ்னேர் சத்தம் கொஞ்சம் குறைந்து கேட்கும். அசல் ஸ்னேரில் மெல்லத் தட்டினால் வருவது வேறு சத்தம்: ஹெட் அதிகம் பேசாது, அடியில் கட்டியிருக்கிற கம்பிச்சுருள்கள்தான் "ஸ்ஸ்" என்று சிலிர்க்கும். அந்தக் கம்பியை ரொம்ப இறுக்கினால் சிலிர்ப்பு போய்விடும். அதனால் மேடைக்கு முன்னால் நான் செய்கிற வேலை இரண்டே இரண்டு. கம்பியை ஒரு சுற்றுத் தளர்த்துவேன். பிறகு சவுண்ட் தம்பியிடம் போய், "தம்பி, ஸ்னேர் கேட்டை மட்டும் எடுத்துவிட்டுருப்பா" என்பேன். ஒருவர் ஒரு தடவை, "அண்ணே, கூட்டத்துல யாருண்ணே இதைக் கேக்கப் போறா?" என்றார். எடுக்காமல் ஒரு பாட்டு, எடுத்துவிட்டு அதே பாட்டு, சவுண்ட் செக்கில் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். பேஸ் கிட்டார் வாசிக்கிற அண்ணாச்சிதான் முதலில் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தடவை அவருக்குத் தானாகவே தாளத்தில் உட்கார்ந்து வாசிக்க முடிந்ததாம், அப்படித்தான் சொன்னார். கூட்டத்துக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம். கூட வாசிக்கிறவனுக்குத் தெரியும், அவன் வழியாகக் கூட்டத்துக்கும் போய்ச் சேரும்.

இப்போது பழகுகிற பிள்ளைகளில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். டவுன் ஸ்ட்ரோக் கையில் பிடிபட்டுவிட்டது. எட்டாவது இடத்துக் "கி"யை மெல்ல வாசிப்பதில் வளர்ந்தவர்களே தடுமாறுவார்கள், அவள் நிதானமாக வைக்கிறாள். "சார், இது வெளிய கேக்கவே இல்லையே, சரியா வாசிக்கேனா?" என்று கேட்டாள். மாடியில் இருந்து கீழே போய் நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னேன், கேட்கிறது என்று. வரும் ஞாயிற்றுக்கிழமை கிக்கைச் சேர்க்க வேண்டும். போ டிட்லி அடியை முதலில் கால் மட்டும், கை இரண்டும் மடியில். கால் தனியாக ஓட ஆரம்பித்த பிறகு வலது கை, அதற்குப் பிறகுதான் இடது கை. கால் சேர்கிற முதல் வாரத்தில் எல்லாருக்கும் கோஸ்ட் நோட் பெரிசாகிவிடும். அதனால் மெட்ரோனோம் மறுபடியும் 60-க்கே போகும்.