32 பிட் முகவரியை 64 ஆக்கும்போது

சிப்புக்குள் ஓடும் நிரலை வெளியிலிருந்து நிறுத்தி, நினைவகத்தைப் படித்து எழுதிப் பிழை தேட உதவும் மென்பொருளான ஓப்பன்ஓசிடி, 2005இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க்கில், டொமினிக் ராத்தின் பட்டப்படிப்பு ஆய்வேடாகத் தொடங்கியது. அன்று அது பேசியது ஆர்ம்7, ஆர்ம்9 சிப்களோடு. முகவரி என்றாலே குறியில்லாத (எதிர்மறை ஆகாத) 32 பிட் எண்தான். ஆர்ம்வி8, 64 பிட் ரிஸ்க்-வி போன்ற 64 பிட் சிப் வடிவமைப்புகள் வந்த பிறகு அந்த எண்ணை நூற்றுக்கணக்கான இடங்களில் மாற்ற வேண்டியதாயிற்று.

முகவரிக்கென்று தனி டைப் ஒன்றை வைத்து எல்லா இடத்திலும் அதையே போடுவது எளிய பகுதி. நீளமும் எண்ணிக்கையும் 32 பிட்டிலேயே இருக்கலாம். அவற்றையும் விரித்தால் பேட்ச் வீங்குமே தவிர பயனில்லை. முகவரியை அச்சிடும் பிரின்ட்எஃப் ஃபார்மட்டுக்கும் தனி மேக்ரோ கட்டாயம். பழைய 32 பிட் ஃபார்மட்டை விட்டுவைத்தால் 64 பிட் கணினியில் மேல்பாதி அச்சாகாது, அவ்வளவுதான். 32 பிட் ஓஎஸ் ஓடும் ராஸ்பெரி பையிலோ அடுத்தடுத்த ஆர்கியூமென்ட்களும் இடம் தவறும். பின்னால் ஒரு ஸ்ட்ரிங் இருந்தால் கிராஷ்.

கம்பைலர் வாயே திறக்காத பிழை மாஸ்க்கில், அதாவது முகவரியின் கடைசி பிட்களை அழிக்கும் எண்ணில், இருக்கிறது. பக்க அளவில் ஒன்றைக் கழித்து, பிட்களைப் புரட்டி, முகவரியோடு ஆண்ட் செய்வது பழைய வழக்கம். அந்த அளவு குறியில்லாத 32 பிட் மாறி என்றால், மாஸ்க் 64 பிட்டாக விரியும்போது மேல்பாதி பூஜ்யமாகும். முகவரியின் மேல்பாதியும் அதோடு அழியும். சாதாரண இன்ட் (குறியுள்ள எண்) என்றால் குறி பிட் மேல்பாதி முழுக்க நீண்டு தப்பித்துவிடும். ஆனால் அதே இன்ட்டில் ஹெக்ஸ் (16 அடிமானம்) 80000000 என்ற முகவரி வந்தால் மேல்பாதி முழுக்க ஒன்றுகள்!

ஓப்பன்ஓசிடியோடு பேசும் டீபக்கரான ஜிடிபி அனுப்பும் ஹெக்ஸ் முகவரியை லாங் ஆக மாற்றும் வரிகளையும் தேடிப் பிடிக்க வேண்டும். லினக்ஸ் 64இல் அவை சரியாகவே ஓடும். விண்டோஸில் லாங் 32 பிட் என்பதால் பெரிய முகவரி எதுவும் உச்ச மதிப்பில் முட்டி நிற்கும்.

ஹார்டுவேரில் வரிசைதான் முக்கியம். ஆர்ம் சிப்பின் நினைவகத்தை டீபக்கர் தொடும் வாயிலான மெம்-ஏபியில் முகவரியின் கீழ்பாதி ரெஜிஸ்டர் ஹெக்ஸ் 04, மேல்பாதி 08. மேல்பாதி எல்லா சிப்பிலும் இராது. கான்ஃபிக் ரெஜிஸ்டரின் 1ஆம் பிட்டைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுதினால் வேகம் குறையும். கடைசி மதிப்பை நினைவில் வைத்து, மாறினால் மட்டும் எழுதலாம். ரீசெட் அல்லது பிழைக்குப் பின் அந்த நினைவை நம்பக்கூடாது. தானாக ஏறும் முகவரி 1 கேபி எல்லைக்குள் மட்டுமே உறுதி. 4 ஜிபி எல்லையைத் தாண்டும்போது மேல்பாதிக்குப் போகும் கேரி நம் பொறுப்பு. ரிஸ்க்-வியில் நினைவகத்தை நேரடியாகத் தொடும் சிஸ்டம் பஸ்ஸில் கீழ்பாதியை எழுதியதுமே வாசிப்பு தொடங்கும்படி அமைக்க முடியும். அதனால் மேல்பாதிதான் முதலில். மாற்றி எழுதினால் முந்தைய முகவரியின் மேல்பாதியோடு வாசித்துவிடும்.

சிப்பில் ஏற்றும் நிரல் கோப்பு வடிவங்களில் இன்டெல் ஹெக்ஸும் எஸ்-ரெக்கார்டும் 32 பிட்டோடு நிற்பவை; 4 ஜிபிக்கு மேலான முகவரியில் ஏற்ற 64 பிட் எல்ஃப் கோப்பு, அல்லது முகவரி கொடுத்து பைனரி.

சோதிக்க 4 ஜிபிக்கு மேலான முகவரியிலும் ரேம் உள்ள போர்டு வேண்டும். ஹைஃபைவ் அன்லீஷ்ட் என்ற ரிஸ்க்-வி போர்டில் 8 ஜிபி ரேம் ஹெக்ஸ் 80000000இல் தொடங்குகிறது. ஹெக்ஸ் 180001000இல் எழுதி வாசித்தால் பிழையிருந்தாலும் பாஸ்தான்: வெட்டுப்பட்டு 80001000 ஆகிறது, அதுவும் நல்ல ரேம். இரண்டு இடத்திலும் வெவ்வேறு மதிப்பு எழுதி, பிறகு இரண்டையும் வாசிக்க வேண்டும். பூட்லோடர் டிடிஆர் ரேமை எழுப்பிய பின் சிப்பை ஹால்ட் செய்தே இதை ஓட்டலாம்.