சூரியத் தேரில் கிறிஸ்து

ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் தரைக்கு அடியில் பழைய ரோமானியக் கல்லறை மண்டபங்கள் வரிசையாக உள்ளன. அவற்றில் ஜூலியஸ் குடும்பத்தாருடைய சிறிய மண்டபத்தின் கூரையில், பொன்மஞ்சள் மொசைக் பரப்பின் மீது பச்சைத் திராட்சைக் கொடிகள் படர்ந்திருக்க, நடுவே ஒருவர் தேரேறி விண்ணை நோக்கிச் செல்கிறார். தலைக்குப் பின்னால் கதிர்கள் விரிகின்றன. இடக்கையில் உலக உருண்டை இருக்கிறது. பாயும் வெள்ளைக் குதிரைகளில் இரண்டு மட்டும் எஞ்சியுள்ளன. இந்த உருவத்தை மட்டும் தனியே பார்ப்பவர் சூரியக் கடவுள் என்றே சொல்வார். ஆனால் அதே மண்டபத்துச் சுவர்களில் மீனின் வாயில் விழும், வேதத்தில் வரும் தீர்க்கதரிசி யோனாவும் ஆட்டைச் சுமக்கும் நல்ல மேய்ப்பனும் சித்திரிக்கப்பட்டிருப்பதால், இவரைக் கிறிஸ்து என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கின்றனர்.

இதைக் காட்டிக் கிறிஸ்தவமே பழைய சமயங்களின் நகல் என்று வாதிடுவோரும் உண்டு. வெறும் அலங்காரம்தான் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘நீதியின் சூரியன் உதிக்கும்’ என்று தீர்க்கதரிசி மல்கியா முன்பே எழுதியிருந்ததால், கிறிஸ்துவைச் சூரியனாகக் காண்பதற்கு வேதத்திலேயே இடம் இருந்தது. அதற்கான உருவம் மட்டுமே ரோமானியரிடமிருந்து வந்தது. ஆயினும் கடன் வாங்கிய உருவம் தன் பழைய பக்தியையும் கூடவே கொண்டுவந்துவிடக்கூடும். 5-ஆம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ, பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறியவுடன் திரும்பி நின்று உதயசூரியனை வணங்கிய கிறிஸ்தவர்களைத் தமது கிறிஸ்து பிறப்புப் பிரசங்கத்தில் வருத்தத்தோடு கண்டித்தார்.

ரோமின் சாந்தா மரியா ஆன்டிகுவா ஆலயத்திலுள்ள 3-ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி எனக்கு இன்னும் நெருக்கமானது. அதில் யோனா ஆமணக்கின் நிழலில் ஆடையின்றி, ஒரு கையைத் தலைக்கு மேல் மடித்துச் சாய்ந்து படுத்திருக்கிறார். நிலவுத் தெய்வம் காதலித்த எண்டிமியோன் என்ற இளைஞன் உறங்கும் அதே கோலம் அது. ரோமானியர் தங்கள் சவப்பெட்டிகளில் எண்டிமியோனைச் செதுக்கியது, மரணமும் ஓர் இனிய உறக்கமே என்று ஆறுதல் கொள்வதற்காக. மூன்று நாள் கழித்து மீனின் வயிற்றிலிருந்து மீண்ட யோனாவை அதே கோலத்தில் வைத்தபோது, அந்த உறக்கத்துக்கு ஒரு விழிப்பும் உண்டு என்ற நம்பிக்கை சேர்ந்துகொண்டது. பழைய ஆறுதலை அழிக்காமல் அதற்கு அப்பால் போன இந்தச் சிற்பியின் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இறையியலிலும் நடந்தது இதுவே. ஏதென்சின் மார்ஸ் மேடையில் பேசிய அப்போஸ்தலர் பவுல், ‘நாம் அவருடைய சந்ததியார்’ என்ற கிரேக்கப் புலவர் வாக்கை எடுத்தாள்கிறார். அராட்டஸ் என்ற கவிஞர் அதைப் பாடியது கிரேக்கரின் தலைமைக் கடவுளான சேயுஸைப் பற்றி. பவுலோ அதை வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு உரியதாக்குகிறார். ஏதென்சுக்கும் எருசலேமுக்கும், அதாவது கிரேக்கத் தத்துவத்துக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும், என்ன தொடர்பு என்று பின்னாளில் கடுமையாகக் கேட்டவர் ஆதிகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். ஆனால் ஆன்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அது ஒருவகை உடலே என்ற தம் கருத்தை நிறுவ, கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதிகளையே அவரும் துணைக்கு அழைத்தார்.