ஒரே பக்கம் தேய்ந்த கப்ளிங்குகள்

குஜராத்தின் மெஹ்சானா பக்கம் எண்ணெய்க் கிணறு பராமரிப்பு வேலையில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே தலையாட்டிக்கொண்டே ஓடும் பம்பிங் யூனிட் கிணறுகள் ஏராளம். மேலே தலை ஆட, உள்ளே சக்கர் ராடு எனும் 25 அடி எஃகுக் கம்பிகள், கப்ளிங் எனும் இணைப்புகளில் ஒன்றோடொன்று கோத்து, எண்ணெய் மேலே வரும் டியூபிங் குழாய்க்குள் ஏறி இறங்கி, அடியில் இருக்கும் பம்பை இயக்கும்.

அதில் ஒரு கிணறு எங்களைப் படாதபாடு படுத்தியது. திடீரென உற்பத்தி விழும். டியூபிங்கில் தண்ணீர் ஏற்றிப் பார்த்தால் அழுத்தம் நிற்காது. ஓட்டை! ராடையும் குழாயையும் தூக்கும் ரிக் இயந்திரத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் உருவி, ஓட்டைக் குழாயை மாற்றி இறக்குவோம். சில மாதத்தில் மறுபடியும் அதே கதை.

மூன்றாம் முறை உருவியபோது, கப்ளிங்குகளை டீசலில் துடைத்து வரிசை மாறாமல் அடுக்கச் சொன்னேன். மேலே இருந்தவை புதுசு போல இருந்தன. அடியில் இருந்த பதினைந்து, இருபது மட்டும் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்து, விரலை வைத்தால் விளிம்பு கத்தி மாதிரி பட்டது. குழாய்க்குள் டார்ச் அடித்தால் நீளவாக்கில் ஒரு பள்ளம். துரு அரித்திருந்தால் குழிகுழியாக இருந்திருக்கும். இது உரசல்.

சரி, அடியில் மட்டும் ஏன்? கிணற்றை ஓட்டி, ஏறி இறங்கும்போது ராடில் விழும் பாரத்தை வரைந்து காட்டும் டைனமோமீட்டர் கார்டு எடுத்தோம். பம்ப் பாதிதான் நிரம்பியது. கிணறு தருவதைவிட வேகமாக நாங்கள் இறைத்திருக்கிறோம். பாதி காலியான பம்பில் ராடின் நுனியில் இருக்கும் பிளஞ்சர் (பிஸ்டன் மாதிரி) இறங்கும்போது எண்ணெய் மட்டத்தில் போய் மோதும். அந்த மோதலில் கீழ் ராடுகள் வளைந்து குழாய்ச் சுவரில் தேய்க்கும்.

மோட்டாருக்குச் சின்ன புல்லி போட்டு, நிமிடத்துக்கு 8 ஸ்ட்ரோக்கை (ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு ஸ்ட்ரோக்) 5 ஆக்க வேண்டும் என்றேன். உற்பத்தி போய்விடும் என்று மேலே தயங்கினார்கள். அவர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. கார்டை மேசையில் விரித்து, நிரம்பாத பம்பை எத்தனை முறை ஆட்டினாலும் கிணற்றில் ஊறுவதுதானே வரும் என்று விளக்கினேன். நாளுக்கு 11,520 ஸ்ட்ரோக் 7,200 ஆனது. இரண்டு வாரம் அளந்தோம், எண்ணெய் குறையவில்லை. அப்புறம் ஒரு ரிக் கிடைத்தபோது, அடி ராடுகள் வளையாமல் இழுத்துப் பிடிக்கக் கனமான சிங்க்கர் பார் கம்பிகளையும், அதற்கு மேலே சுவரில் உரசாமல் காக்கும் பிளாஸ்டிக் கைடு வைத்த ராடுகளையும் இறக்கினோம்.

அடுத்து அங்கே ரிக் போனது ஒன்றரை வருடம் கழித்து, பம்ப் வால்வு தேய்ந்ததற்காக. கப்ளிங்குகளை நானே காலிப்பர் வைத்து அளந்தேன். கைடுகள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. கப்ளிங்குகள் உருண்டையாகவே இருந்தன.