பீமேஸ்வரியில் மழையும் வெயிலும்

கூடாரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான் பீமேஸ்வரி. காவிரிக் கரை. “விடுடா, பெய்யட்டும்” என்று நண்பன் ஃபிளாஸ்க்கைத் திறந்தான்.

டீ முடிவதற்குள் சுள்ளென்று வெயில்.

அப்போதுதான் மருத மரத்தில் அதைப் பார்த்தோம். சாம்பல் நிற மலை அணில்! நீண்ட வால் கிளைக்குக் கீழே தொங்க, ஒரு காயை முன்னங்கால்களில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொறித்துக்கொண்டிருந்தது. வால் நுனியில் இன்னும் மழைத்தண்ணீர்.

இந்த அணிலுக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். தரைக்கு அதிகம் இறங்காது. கிளைக்குக் கிளை தாவித்தான் அதன் பிழைப்பு. கரையில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குச் சாலையே போய்விடும்.

அப்புறம் மறுபடி தூறல். நாங்கள் எழுந்திருக்கவே இல்லை.

இதே தண்ணீர்தான் ஒகேனக்கல்லுக்கும் போகிறது. எங்கள் ஊர் ஆற்றோர மருத மரங்கள் இன்னும் நிற்கின்றனவா? இன்றிரவே அப்பாவிடம் கேட்க வேண்டும்.