ஷியோன் கோட்டையைப் படமெடுக்க மாலையில் போங்கள்

சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரியின் கிழக்குக் கோடியில், மாண்ட்ரோ நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, கரையை ஒட்டிய பாறைத் தீவின் மேல் நிற்கிறது ஷியோன் கோட்டை. ஜெனீவாவில் தங்கியிருப்பவர்கள் பலர் காலை ரயிலைப் பிடித்து, பத்து பத்தரை மணிக்கு இங்கே வந்து, அரை மணி நேரத்தில் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கோட்டைக்குக் கொஞ்சமும் பொருந்தாத நேரம் அது.

காரணம் எளிது. ஏரியின் நீர்மட்டம் 372 மீட்டர். கோட்டைக்குக் கிழக்கே மலை செங்குத்தாக எழுகிறது. அதன் மேலே இருக்கும் ரோஷே த நாய் சிகரம் 2042 மீட்டர். அந்த மலையைத் தாண்டி வெயில் கீழே இறங்கவே நேரமாகும். இறங்கிய பிறகும் ஏரியைப் பார்த்த சுவர்கள் தங்கள் நிழலிலேயே கிடக்கும். வானமும் தண்ணீரும் வெளுத்துப் போய், கோட்டை மட்டும் கறுப்பாக விழும். நண்பகலிலும் நிலைமை பெரிதாக மாறாது. எல்லோரும் எடுக்க விரும்பும் படத்தில் கோட்டைக்குப் பின்னால் தாந் து மிடி பனிச்சிகரங்கள் வர வேண்டும். அவை கிட்டத்தட்ட நேர் தெற்கில் இருக்கின்றன. ஆகவே கேமரா சூரியனைப் பார்த்து நிற்கும்.

பிற்பகல் இரண்டரை, மூன்றுக்கு மேல்தான் ஏரிப்பக்கச் சுவர்களில் வெயில் பிடிக்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும், அதுவும் வடமேற்கில் மறையும். மாண்ட்ரோ பக்கக் கரைப்பாதையில் நிற்பவருக்கு ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்தும் முதுகுப் பக்கத்திலிருந்தும் வரும். கல்லின் சொரசொரப்பு தெரிவது அப்போதுதான். டிசம்பரில் கதை வேறு. சூரியன் தென்மேற்கிலேயே சுற்றி ஐந்து மணிக்கு முன்பே போய்விடும். வடக்குச் சுவரில் நேர் வெயிலே விழாது. குளிர்காலத்தில் போகிறவர்கள் எதிர்ப்பக்கம், அதாவது வில்நவ் ஊர்ப் பக்கம், போய் வடக்கே பார்த்து எடுக்கலாம். பின்னணியில் பனிச்சிகரங்களுக்குப் பதில் மாண்ட்ரோவின் கட்டடங்கள் வரும். அதற்கு ஒப்புக்கொண்டால் வெளிச்சம் நன்றாகவே இருக்கும்.

முற்பகலில் மட்டுமே நேரம் வாய்த்தால் கரைப்பக்க முகத்தை எடுங்கள். இந்தக் கோட்டைக்கு இரண்டு முகங்கள் உண்டு. இத்தாலிக்குப் போகும் பெருவழி இந்த இடத்தில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே நெருக்கிப் பிழியப்படுகிறது. அந்த வழியைக் கையில் வைத்திருந்த சவோய் வம்சக் கோமான்கள், தாக்குதல் வரக்கூடிய கரைப்பக்கத்தில் அம்பு விடும் இடுக்குகளோடு அரைவட்டக் கோபுரங்களைக் கட்டினார்கள். எதிரி வர முடியாத ஏரிப்பக்கத்தில் தங்கள் கூடங்களையும் பெரிய ஜன்னல்களையும் வைத்துக்கொண்டார்கள். கரையில் நின்று மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது முகம் முழுதாகக் கிடைப்பதில்லை. அதற்குப் படகுதான் வழி. மாண்ட்ரோவிலிருந்து ஏரிக்கப்பலில் வந்தால் கோட்டை இடப்பக்கம் வரும். முன்கூட்டியே அந்தப் பக்கக் கம்பியருகே இடம் பிடியுங்கள். கேமராவைக் கம்பியின் மேல் ஊன்றக் கூடாது, இயந்திர அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். கையில் பிடித்து, 1/500 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டரில் எடுங்கள்.

இனி லென்ஸ். 24 மிமீ அகலக்கோண லென்ஸோடு கோட்டையின் அருகே போய் நின்றுகொண்டு, “மலை ஏன் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது?” என்று கேட்பதுண்டு. இதில் கணக்கு இருக்கிறது. தாந் து மிடியின் உச்சி 3257 மீட்டர். ஏரியிலிருந்து பார்த்தால் 2900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொலைவு சுமார் 28 கிலோமீட்டர். ஆக, கண்ணுக்கு அது அடிவானத்துக்கு மேல் ஆறு பாகை உயரத்தில் தெரிகிறது. நீங்கள் நூறடி நகர்ந்தாலும் அது மாறாது. மாறுவது கோட்டையின் உயரம்தான். கோபுர உச்சி நீரிலிருந்து 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தூரத்திலிருந்து அது 17 பாகை உயரம் தெரியும். மலை அதில் மூன்றில் ஒரு பங்குதான். 300 மீட்டர் பின்னால் போனால் கோபுரமும் ஆறு பாகைக்கு வந்துவிடும், இரண்டும் ஒரே உயரம். எனவே மலை பெரிதாக வேண்டுமென்றால் மாண்ட்ரோ பக்கமாகப் பின்னோக்கி நடந்து, 70 முதல் 100 மிமீ வரை பயன்படுத்துங்கள். போனில் எடுப்பவர்கள் 3எக்ஸ் லென்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். பாதை வளைந்து வளைந்து போவதால் ஒவ்வொரு வளைவிலும் சிகரம் கோட்டையை விட்டு இடமோ வலமோ நகரும். கோபுரக் கூரையும் சிகரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். இப்படித் தூரத்தை அருகே இழுக்கும் டெலி லென்ஸில் இன்னொரு லாபம்: கோட்டைக்கு மேலே மலைச்சரிவில் போகும் நெடுஞ்சாலைப் பாலமும், பக்கத்திலேயே ஓடும் ரயில்பாதையின் மின்கம்பிகளும் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

கோடைப் பிற்பகலில் புழுக்கம் மிகுந்தால் 28 கிலோமீட்டர் தூரத்து மலை மூட்டத்தில் கரைந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நம்பிப் போகலாம். ரோன் பள்ளத்தாக்கிலிருந்து வோதேர் என்ற வெப்பக்காற்று இறங்கும் நாளில் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் போலத் தெளிவாகத் தெரியும். ஆனால் ஏரியின் இந்த முனை அலையடித்துக் கலங்கிவிடும், பிரதிபலிப்பை மறந்துவிட வேண்டியதுதான். அந்த நாளில் முக்காலியைத் தாழ்வாக வைத்து, பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போடுங்கள். வெளிச்சத்தைப் பத்து முறை பாதியாக்கும் கறுப்புக் கண்ணாடி அது. 1/60 நொடி எக்ஸ்போஷர் 17 நொடியாகும், அலைகள் மெழுகிவிட்டதுபோல் ஆகும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் முழுதாகத் திருப்பாதீர்கள். முழுதாகத் திருப்பினால் கோட்டையின் பிம்பமும் சேர்ந்து அழிந்து, தண்ணீர் வெறும் கறுப்பாகிவிடும்.

உள்ளே போவதை வெளி வெளிச்சம் கடுமையாக இருக்கும் மதிய வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நல்ல வெளிச்சம் வருவதற்கு முன்பே கோட்டையை மூடிவிடுவார்கள். கடைசி அனுமதி மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. நிலவறைதான் உள்ளே மிகச் சிறந்த இடம். 13ஆம் நூற்றாண்டின் வில்வளைவுக் கூரையும் தூண்வரிசையும் தேவாலயத்தை நினைவூட்டும். 1536இல் பெர்ன் நகரப் படை வந்து விடுவிக்கும்வரை போனிவார் என்ற மடத்துத் தலைவர் இங்கேதான் தூணில் பிணைக்கப்பட்டிருந்தார். ஏரிப்பக்கம் குறுகிய ஜன்னல்கள் உண்டு. பிற்பகல் வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து அவற்றின் வழியே புகுந்து, கூரையில் நெளியும். ஜன்னலுக்கும் தூணுக்கும் வெளிச்ச வேறுபாடு ஒரே படத்தில் அடங்காது. ஐஎஸ்ஓ 1600, எஃப்/4 வைத்து, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, கூட்டி ஒன்று என மூன்று எடுத்துப் பின்னால் இணையுங்கள். அல்லது ஜன்னலைச் சட்டத்திலிருந்து விலக்கி, அதன் வெளிச்சம் விழும் தூணை மட்டும் எடுங்கள். எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும், கண் பார்த்தது அப்படியே வரும். மேலே சுவரோவியம் உள்ள அறைகளில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். முக்காலியும் டிரோனும் கொண்டுபோக எண்ணினால் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.

சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடங்களில் வானம் கருநீலமாகும், கோட்டையின் விளக்குகளும் அதே அளவு ஒளியில் நிற்கும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, எட்டு முதல் பதினைந்து நொடி. ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சமநிலையை, ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வின் அருகே வைத்தால் விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் இரண்டுமே தங்கும். பிறகு வானம் கறுத்துவிடும். சுவர்கள் வெளிறி எரியத் தொடங்கும். மாண்ட்ரோவுக்கு 201ஆம் எண் பேருந்து கோட்டை வாசலிலேயே நிற்கும். அது கிடைக்காவிட்டாலும் ஏரிக்கரைப் பாதையில் முக்கால் மணி நேர நடை.