முதலில் பெயர்: வீட்டுச் சேர்வர், இரண்டாம் முயற்சி

போன மாதம் கட்டிய வீட்டுச் சேர்வரை இந்தச் சனிக்கிழமை அடியோடு அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். வன்தட்டு பழுதாகவில்லை, கோப்பு எதுவும் தொலையவில்லை. பெயர் ஒன்றுதான் காரணம்.

அம்மம்மாவின் தகரப் பெட்டியில் ஐந்து ஆல்பங்கள் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி ஓரிடத்தில் வைக்க வேண்டும். அப்படியே டொமைன் (பல கணினிகளையும் பயனர்களையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) வேலைகளையும் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு பழைய மேசைக் கணினியில் விண்டோஸ் சேர்வர் 2022-இன் 180 நாள் சோதனைப் பதிப்பை நிறுவினேன். நிறுவும்போது விண்டோஸ் பெயர் கேட்பதில்லை. தானே ஒன்றை வைத்துவிடுகிறது: 'வின்', ஒரு சிறுகோடு, அதன்பின் எழுத்தும் எண்ணும் கலந்து 11 குறிகள். பிறகு மாற்றலாம் என்று அதை அப்படியே விட்டேன்.

முதலில் இடறியது தங்கச்சி. தன் மடிக்கணினியில் அந்தப் பெயரைத் தட்டிப் படங்களைத் திறக்கப் பார்த்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தி, "அண்ணா, இது ஓ எழுத்தா, பூச்சியமா?" என்று கேட்டாள். மூன்று முறை தட்டியும் திறக்கவில்லை. குடும்பப் படங்கள் இருக்கும் இடத்தின் பெயரை வீட்டில் ஒருவராலும் வாயால் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு உறுத்தியது.

அன்றிரவே மாற்றப் போனேன். பெயர் மாற்றும் பொத்தான் மங்கிக் கிடந்தது. அதற்குள் நான் அந்தக் கணினியை டொமைனை நடத்தும் டொமைன் கன்ட்ரோலர் ஆக்கி, மேலதிகமாக, அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்கும் சான்றிதழ் சேவையையும் ஏற்றியிருந்தேன். டொமைன் கன்ட்ரோலர் மட்டும் என்றால் 'நெட்டொம்' கட்டளையால் இரண்டாவது பெயர் ஒன்றைச் சேர்த்து, அதை முதன்மைப் பெயராக்கி, பழையதைக் கழற்ற வழி உண்டு. சான்றிதழ் சேவை ஏறிய பின்னர் பெயரைத் தொடவே விண்டோஸ் விடாது. அந்தச் சேவையை அகற்றினால்தான் வழி திறக்கும். அடுக்கடுக்காகக் கழற்றுவதைவிட, படங்களை வெளித்தட்டில் படியெடுத்துவிட்டு முழுவதையும் புதிதாக நிறுவுவதே சுத்தமான வேலை என்று முடிவெடுத்தேன்.

இந்த முறை நிறுவுவதற்கு முன்பே ஒரு தாளில் பெயர்களை எழுதினேன். தமிழ் எழுத்தில் வைக்கத்தான் ஆசை. ஆனால் வலையமைப்பில் எல்லாக் கருவிக்கும் ஒத்துப்போக வேண்டும் என்றால் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவற்றோடு நிற்க வேண்டும். இடைவெளி கூடாது, வெறும் எண்ணாகவும் இருக்கக் கூடாது. நீளம் 15 குறிகள். இந்த 15 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கணினிகள் வலையமைப்பில் ஒன்றையொன்று பெயரால் கண்டுகொள்ள 1983-இல் வந்த நெட்பயோஸ் என்ற முறையில் போய் நின்றது. அதில் ஒரு பெயருக்கு 16 பைட் இடம். கடைசி பைட் அது என்ன வகைச் சேவை என்பதைக் குறிக்கப் போய்விடுகிறது. மீதி 15. நாற்பது ஆண்டுக்கு முந்திய அந்தக் கணக்கு இன்றும் என் மேசைக்கு வந்து நிற்கிறது.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இது நெருக்கடி. காங்கேசன்துறையை ஆங்கிலத்தில் எழுதினால் 14 எழுத்து. பின்னால் சிறுகோடும் 1 என்ற எண்ணும் சேர்த்தால் 16. பார்ப்போம் என்று தட்டினேன். பெயரைச் சுருக்கப் போவதாக எச்சரிக்கை வந்தது. கடைசி எண் விழுந்து சிறுகோடு மட்டும் வாலாகத் தொங்கியது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கே.கே.எஸ். என்று சொல்வதன் அருமை அப்போது புரிந்தது.

ஒரே வலையமைப்பில் ஒரே பெயரில் இரண்டு கணினி இருக்கவும் கூடாது. காரைதீவு காரைநகர் ஆன கதையும் இதுதான். கிழக்கிலும் ஒரு காரைதீவு இருந்து குழப்பம் தந்ததால்தான் யாழ்ப்பாணத்தில் உள்ளதன் பெயர் மாறியது. வீட்டு மடிக்கணினி ஒன்று ஏற்கெனவே 'நல்லூர்'. ஆகவே சேர்வருக்கு 'நயினை' என்று முடிவு செய்தேன். ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. அம்மம்மா பிறந்தது நயினாதீவில். ஆல்பங்களில் பாதி அந்தத் தீவின் முகங்கள். 'கோப்பு', 'படம்' என்று வேலையை வைத்துப் பெயரிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வேலை நாளை மாறும், ஊர் மாறாது.

நிறுவல் முடிந்து நிர்வாகிக்குக் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனதும் சேர்வர் மனேஜர் தானாகத் திறந்தது. இடப்பக்கத்தில் 'லோக்கல் சேர்வர்' பக்கம். அங்கே நீல நிறத்தில் இருந்த பழைய பெயரை அழுத்தி, 'சேஞ்ச்' பொத்தானுக்குள் போய்ப் புதிய பெயரைத் தட்டினேன். மறுதொடக்கம் செய்யச் சொன்னது. நான் 'பிறகு' என்று கொடுத்துவிட்டுக் கட்டளைத் திரையில் 'ஹோஸ்ட்நேம்' என்று கேட்டுப் பார்த்தேன். பழைய பெயரையே சொன்னது. புதிய பெயர், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தனியே எழுதப்பட்டு, அடுத்த தொடக்கத்துக்காகக் காத்திருக்கிறது. இந்த இடைவெளியில் எந்த வேலையும் செய்யாமல் உடனே மறுதொடக்கம் செய்வதே நல்லது.

செய்யப் போன நேரம் மின்சாரம் நின்றது. யூபிஎஸ் இன்னும் வாங்கவில்லை. முக்கால் மணி நேரம் முற்றத்து வேம்பின் கீழ் உட்கார்ந்து, பெயர் பாதியில் சிதைந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்ததும் ஓடிப்போய் இயக்கி, மறுபடி கேட்டேன். 'நயினை' என்றது.

அதன்பின் நேர வலயம். அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் கிடந்ததை 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று மாற்றினேன். நிலையான ஐபி முகவரி கொடுத்து, கோப்புப் பகிர்வைத் திறந்தேன்.

தங்கச்சியிடம் பெயரை மட்டும் சொன்னேன். இரண்டு சாய்கோடு, ஆறு எழுத்து, என்ரர். திறந்துவிட்டது. முதல் கோப்புறையில் குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கும் அம்மம்மா. பக்கத்தில் அப்பப்பா குடையோடு. அம்மம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். "பெயர் என்ன வைத்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். திரையில் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்தார்.

டொமைனை அடுத்த சனிக்கிழமை ஏற்றுவேன். சான்றிதழ் சேவை இந்த வீட்டுக்குத் தேவையில்லை. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அதற்கு முன் யூபிஎஸ்.